அப்பா முன்னால் ஓட்ட எந்தப் படம்: மெய்யழகனா, கடைசி விவசாயியா?

ஆடிப்பெருக்குக்கு எங்கள் வீட்டில் முப்பது பேராவது கூடுவார்கள். குடமுருட்டிக்குப் போய்ப் படையல் போட்டு, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டு, சித்ரான்னம் சாப்பிட்டு முடித்தால் சாயங்காலம் எல்லோருக்கும் கை ஓய்ந்துவிடும். இந்த முறை மச்சான் ஒரு புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தார். வாசலில் வேட்டியை இழுத்துக் கட்டிப் படம் போடலாம் என்று முடிவானது. எந்தப் படம் என்று தேர்வு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய ஹீரோ படங்களை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். சமீபத்தில் வந்து, நம் வீட்டில் முக்கால்வாசிப் பேர் தவறவிட்ட நல்ல படமாக இருக்க வேண்டும் என்றார்கள்.

நாலு படம் யோசித்தேன். இரண்டு சீக்கிரமே கழிந்தன.

லப்பர் பந்து பிள்ளைகளின் விருப்பம். மாமனாரும் மருமகனாக வரப்போகிறவனும் கிரிக்கெட் மைதானத்தில் முட்டிக்கொள்ளும் கதை. தினேஷ் மட்டையோடு இறங்கும்போது விஜயகாந்த் பாட்டு ஒலிக்கும் இடங்களுக்கு மட்டுமே அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கலாம். ஆனால் அது ஓடி ஜெயித்த படம். தவறவிட்டவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர்தான். கொட்டுக்காளி எனக்கு ரொம்பப் பிடித்த படம். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவில் போகும் குடும்பமும், கட்டிவைத்த ஒரு சேவலும், வாயே திறக்காத ஒரு பெண்ணும்தான். பெர்லின் திரைப்பட விழா வரைக்கும் போய்வந்தது. ஆனால் பண்டிகை நாளில், பாயில் குழந்தைகள் புரண்டுகொண்டிருக்கும்போது போட வேண்டிய படமில்லை.

மிஞ்சியவை மெய்யழகனும் கடைசி விவசாயியும்.

வீட்டில் எல்லோரும் மெய்யழகன் என்றுதான் நினைத்தார்கள். அது எங்கள் பக்கத்துப் படம். 1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒரு குடும்பம். அதில் பிள்ளையாக இருந்தவர் இருபத்திரண்டு வருடம் கழித்து நீடாமங்கலத்துக்குக் கல்யாணத்துக்கு வருகிறார். அரவிந்த்சாமி அந்தப் பாத்திரம். வந்த இடத்தில் விழுந்து விழுந்து கவனிக்கும் ஒரு சொந்தக்காரர், கார்த்தி. அவர் பெயர் என்னவென்று இவருக்கு ஞாபகமே வரவில்லை. கேட்கவும் கூச்சம். இதை வைத்துக்கொண்டு பிரேம்குமார் ஒரு முழுப் படத்தை எடுத்துவிட்டார் என்பதே பெரிய விஷயம். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அந்த ராத்திரி அங்கேயே தங்க நேர்வதெல்லாம் நம் ஊரில் தினமும் நடப்பதுதான். நான் கும்பகோணத்தில் பார்த்தபோது அரங்கில் கால்வாசிதான் ஆள். 2024 செப்டம்பர் 27இல் வெளியாகி, சில நாளிலேயே நீளம் என்று சொல்லிப் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். நான் பார்த்தது வெட்டிய படம், அதனால் முழு நீளத்தில் அது எப்படி ஓடியிருக்கும் என்பதைப் பற்றி என்னிடம் கருத்து இல்லை.

எனக்கு அதில் ஒரு சின்னத் தயக்கமும் இருந்தது. படம் தொடங்குவதே சொந்தக்காரர்களால் வீடு கைவிட்டுப் போவதில். எங்கள் வாசலில் அன்று பாகப்பிரிவினையின் இரண்டு பக்கத்தாரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் நான் அந்தப் படத்தைத் தள்ளிவைத்தது அதற்காக இல்லை.

காரணம் அப்பாவின் காது. அவருக்கு எழுபத்தாறு வயது. இரண்டு காதும் மந்தம். மிஷின் வாங்கித் தந்திருக்கிறோம்; வெளியே உட்கார்ந்தால் காற்றை எல்லாம் அது பெரிதாக்கி இரைச்சலாகக் கொடுக்கிறது என்று கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். அன்றைக்கோ ஆடிக்காற்று. வேட்டியின் கீழ் விளிம்பில் செங்கல் கட்டித்தான் நிறுத்த முடிந்தது. பக்கத்து வயலில் போர் மோட்டார் வேறு ஓடிக்கொண்டிருந்தது. சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு அவர் கண் ஈடுகொடுக்காது. அப்பா மட்டுமா, பெரியம்மா, சின்னத் தாத்தா என்று முன்வரிசையில் உட்கார்ந்தவர்களில் நாலு பேருக்கு இதே நிலைமை.

இப்போது மெய்யழகனை நினைத்துப் பாருங்கள். அதன் உயிரே பேச்சில் இருக்கிறது. இரண்டாம் பாதி முழுக்க இரண்டு ஆண்கள் ராத்திரியெல்லாம் பேசுகிறார்கள். ஒரு பழைய சைக்கிள் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை எப்படி மாற்றியது என்பதை கார்த்தி வாயால் சொல்லி, அதை அரவிந்த்சாமி கேட்டுக்கொண்டிருப்பதுதான் படத்தின் உச்சம். காது கேட்காதவருக்கு அங்கே தெரிவது இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதும், ஒருவர் அழுவதும் மட்டுமே. ஏன் அழுகிறார் என்பது போய்ச் சேராது. கொஞ்ச நாள் முன்பு வீட்டு டிவியில் அது ஓடியபோது அப்பா அரை மணி பார்த்துவிட்டு, “என்னடா, பேசிக்கிட்டே இருக்கானுவ” என்று எழுந்து போனது எனக்கு ஞாபகம் இருந்தது.

கடைசி விவசாயி அப்படி இல்லை. மாயாண்டி என்ற கிழவருக்கே அதில் காது மந்தம். ஊரில் எல்லோரும் நிலத்தை விற்றாயிற்று. குலதெய்வத்துக்குப் படைக்க வேண்டிய நெல்லை விளைவிக்க அவர் ஒருவர்தான் மிச்சம். விதைக்கிறார், தண்ணீர் காட்டுகிறார், பயிர் முளைக்கிறது. வயலில் மூன்று மயில் செத்துக் கிடக்கின்றன, குழி வெட்டிப் புதைக்கிறார். போலீஸ் அழைத்துப் போகிறது. பயிர் தண்ணீருக்குத் தவிக்கிறது. நீதிபதி அம்மா சொல்லி, ஒரு போலீஸ்காரர் வந்து அந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதாகிறது. நான் இப்போது சொன்ன ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். இயக்குநர் மணிகண்டனே ஒளிப்பதிவாளரும் என்பதால், அவர் காட்டிச் சொல்வதையே நம்பியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடித்த நல்லாண்டி ஐயா தொழில்முறை நடிகர் இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். 2022 பிப்ரவரியில் படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார். பிறகு படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதும், அவருக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தன. அன்று வாசலில் இந்தப் படத்தையே போட்டோம். நல்லாண்டி ஐயா நாற்றின் பக்கத்தில் குனிகிற விதத்தைப் பார்த்ததுமே அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே காவிரி கிடையாது, மேட்டூர் எப்போது திறக்கும் என்று பார்த்திருக்கும் பாசனமும் இல்லை. இருந்தாலும், பயிர் வாடும் காட்சியில் “தண்ணி விடுங்கடா” என்று சின்னத் தாத்தா திரையைப் பார்த்துச் சத்தம் போட்டார். எங்கள் குறுவை அப்போது வயலில் நின்றுகொண்டிருந்தது.

எல்லாமே போய்ச் சேர்ந்தது என்று சொல்ல மாட்டேன். விதைக் கடையில் விதையில்லாத தக்காளியைப் பற்றி நடக்கும் பேச்சு முன்வரிசைக்குப் புரியவில்லை. அண்ணி அப்பாவின் காதருகே குனிந்து சொன்ன பிறகுதான் அவர் தலையாட்டினார். விஜய் சேதுபதி வரும் பகுதியும் அவர்களுக்குக் கொஞ்சம் எட்டாமல்தான் இருந்தது. பிள்ளைகள் பாதியில் தூங்கிவிட்டார்கள். நடுவயதுக்காரர்கள் நடுவில் எழுந்து போய்க் காபி போட்டார்கள். முன்வரிசையில் ஒருவர்கூட எழவில்லை. அன்றைக்கு எனக்கு அவர்கள்தான் முக்கியம்.

மெய்யழகனை மறுநாள் ராத்திரி, வீட்டுக்குள் டிவியில், அத்தையும் நானும் மட்டும் உட்கார்ந்து பார்த்தோம். அத்தை வாழ்க்கைப்பட்டது நீடாமங்கலத்துப் பக்கம். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டோம். அந்தப் படத்துக்கு அதுதான் சரியான இடம். சைக்கிள் கதை வந்தபோது அத்தை ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், அவ்வளவு நேரம் கேட்டதில் ஒரு இடம் காதில் சரியாக விழவில்லை, அதை மட்டும் திருப்பிப் போடு என்றார்.