முகத்துக்கு உள்ளங்கை, உடம்புக்கு முஷ்டி: நீண்ட நாள் பயிற்சியில் தெரியவரும் நிறைகுறைகள்

தற்காப்புக்கு அடிக்கும்போது எதிராளியின் முகத்தை மூடிய முஷ்டியால் குத்துவதா, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிப்பதா? ராப் (கையில் சுற்றும் துணிப்பட்டை) சுற்றி, கிளவுஸ் மாட்டி, பஞ்சிங் பேக்கில் குத்திப் பழகும்வரை மூடிய முஷ்டியில் எந்தக் குறையும் தெரியாது. அதே குத்து வெறுங்கையோடு ஒருவரின் மண்டையில் படும்போதுதான் சிக்கல். குத்து வந்தால் யாரும் தன்னையறியாமல் தலையைக் குனிவார்கள். தாடைக்குப் போன கை நெற்றியில் மோதும். சுண்டுவிரல் முட்டிக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிவதை மருத்துவர்கள் 'பாக்ஸர் முறிவு' என்றே சொல்கிறார்கள். 1988 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெமில் இன்னொரு குத்துச்சண்டை வீரரான மிட்ச் கிரீனுடன் நடந்த தெருச்சண்டையில் மைக் டைசனுக்கே வலது கை எலும்பில் விரிசல் விழுந்தது. அப்போது அவர் உலக ஹெவிவெயிட் சாம்பியன். எதிராளியின் பல் பட்டு விரல் முட்டியில் கிழிந்தால் ஆபத்து இன்னும் அதிகம். எச்சிலில் உள்ள கிருமி மூட்டுக்குள் போய்விடும். சிறு கீறல்தானே என்று விட்டுவிட்டால் விரலை மடக்க முடியாத நிலைகூட வரலாம்.

தலைக்கு உள்ளங்கையின் அடிப்பகுதி (மணிக்கட்டை ஒட்டிய மேடு), உடம்புக்கு முஷ்டி என்ற பிரிவினை புதிதல்ல. ஷாங்காய் நகரக் காவல்துறையில் இருந்த ஃபேர்பேர்ன், இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் தாடைக்குக் கீழிருந்து ஏற்றும் உள்ளங்கை அடி முக்கியமானது. 1993இல் ஜப்பானில் தொடங்கிய பான்கிரேஸ் என்ற கலப்புச் சண்டைப் போட்டிகளில் தலையில் மூடிய முஷ்டிக்குத் தடை இருந்தது, உள்ளங்கைக்கு இல்லை. டச்சு வீரர் பாஸ் ரூட்டன் அந்த விதிக்குள்ளேயே பலரை நாக்-அவுட் செய்தார். ஆகவே 'அறைந்தால் வலிக்குமா' என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. எப்படிப் பழகுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் மணிக்கட்டு. நெஞ்சுக்கு முன் கைகூப்பி, உள்ளங்கைகளின் அடிப்பகுதி பிரியாமல் கைகளை மெல்லக் கீழே இறக்குங்கள். முன்னங்கைகள் இரண்டும் கிடைமட்டமாக வந்தால் மணிக்கட்டு தயார். வராதவர் அடித்தால் விரல்களோ உள்ளங்கையின் நடுப்பகுதியோதான் முதலில் படும். அடி அங்கேயே செத்துவிடும், விரலும் சுளுக்கும். அப்படிப்பட்டவர்கள் முதல் மாதம் பேக்கையே தொட வேண்டாம். தினமும் இந்த நீட்டலை அரை நிமிடம் வீதம் மூன்று முறை செய்யலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளும் தண்டால் இருபது வீதம் மூன்று சுற்று எடுக்கலாம்.

கை வடிவம் எளிது. விரல்களின் மேல் கணுக்கள் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலை ஒட்டிப் பக்கவாட்டில் இருக்கட்டும். விரிந்து நிற்கும் கட்டைவிரல் சட்டையில் மாட்டி, அதன் அடியிலுள்ள தசைநார் கிழிவது அடிக்கடி நடப்பது. விரல் நுனிகளைச் சற்று வெளிப்பக்கம் சாய்த்தால் முழங்கை விலாவை விட்டு அகலாது, தோளின் பலமும் சேரும். படவேண்டிய இடம் அடிப்பகுதியில் கட்டைவிரல் பக்கம். முன்னங்கையின் பெரிய எலும்பு நேராக அதன் பின்னால் இருக்கிறது. சுண்டுவிரல் பக்க மேட்டில் மாதக்கணக்கில் அடிப்பவர்களுக்கு அங்கே ஓடும் ரத்தக்குழாயும் நரம்பும் நசுங்கும். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போவது, குளிர்ந்து வெளிறுவது இரண்டும் எச்சரிக்கை. அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சாமான்கள் விஷயத்தில் பாக்ஸிங் பழக்கம் காலை வாரும். மணிக்கட்டு அசையாதபடி இறுக்கிச் சுற்றிய ராப் குத்துக்கு நல்லது, உள்ளங்கை அடிக்குக் கைவிலங்கு. ஒரு சுற்றுத் தளர்வாகச் சுற்றினால் தோல் உரியாமல் இருக்க அது போதும். எம்எம்ஏ (கலப்புச் சண்டை) கிளவுஸின் பஞ்சு விரல் முட்டியின் மேல்தான் இருக்கும், உள்ளங்கைக்கு அதனால் பயனில்லை. கான்வாஸ் பேக் தோலை உரித்துவிடும். ரெக்ஸின் பேக் வியர்வையில் வழுக்கும், ஆனாலும் இரண்டில் அதுவே தேவலை. துணி நிரப்பிய 30–40 கிலோ பேக் போதுமானது. மணல் நிரப்பியது வேண்டவே வேண்டாம். துணி பேக்கிலும் நாளாக நாளாக அடிப்பாகம் கல்லாகிவிடும் என்பதால் நடுவுக்கு மேலேயே அடியுங்கள்.

வாரம் மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு. ஒரு கைக்கு ஐம்பது அடி, அதுவும் பாதி வேகத்தில். இரண்டாவது மாதத்தில் இரண்டு நிமிட ரவுண்ட் மூன்று. முழு பலத்தை மூன்றாவது மாதத்துக்கு முன் எடுக்காதீர்கள். அடித்த பிறகு கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் மேல்புறக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அது வெறும் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்ப்பவர்களே அதிகம். அங்குள்ள ஸ்காஃபாய்ட் எலும்பில் விரிசல் இருந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி நீடித்தால் பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

இனி குறைகள். எட்டும் தூரம் ஏறக்குறைய 7, 8 செ.மீ. குறைகிறது. குத்திப் பழகியவர்கள் முதல் சில வாரம் காற்றைத்தான் அடிப்பார்கள். அந்த அளவுக்குக் கூடுதலாக உள்ளே போக வேண்டும். அப்படி நெருங்கும்போது மறுகை முகத்தைக் காக்காவிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். விலாவிலும் வயிற்றிலும் உள்ளங்கையின் அகலமான பரப்பு அடியைச் சிதறடித்துவிடும், அங்கே முஷ்டியே மேல். இன்னொன்று, பதற்றத்தில் கை தானாக மூடிக்கொள்ளும். இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு ரவுண்டையும் பேச்சு நிலையிலிருந்து தொடங்குவது. இரு உள்ளங்கைகளும் நெஞ்சுயரத்தில் வெளியே பார்த்திருக்க, "கிட்ட வராதீங்க" என்று உரக்கச் சொல்லி அரை அடி பின்வாங்கி, பிறகு அடிக்க வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கும் இது சண்டைக்கு இழுக்கும் நிலையாகத் தெரியாது.

பேட் (அடியை வாங்கும் கை மெத்தை) பிடிப்பவர் தாடை அடிக்குப் பேடைத் தரையைப் பார்த்துச் சாய்த்து, தன் முகத்திலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டும். குவித்த கையால் காதில் அறைவதை மட்டும் யார்மேலும் பழகாதீர்கள், லேசாகப் பட்டாலே செவிப்பறை கிழியலாம். ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனால் இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆவது பிரிவுப்படி அது கொடுங்காயம். தற்காப்பு உரிமையைச் சட்டம் தருகிறது. தேவைக்கு மேல் காயப்படுத்த 37ஆவது பிரிவு இடம் தரவில்லை. அதனால் தாடையில் ஓர் அடி, உடனே இரு கையாலும் தள்ளல், மூன்று எட்டு எடுத்து விலகல் என்று மூன்றையும் ஒரே கோவையாகப் பழகுவது நல்லது. திறந்த கை என்பதால் தள்ளவும் பிடிக்கவும் விரல்களைப் பிரிக்கும் நேரம்கூட மிச்சம்.

வாரம் ஒருநாள் மட்டுமே வர முடிகிறவர் முஷ்டியை விட்டுவிட்டு உள்ளங்கை அடியை மட்டும் பழகினால் போதும். தினமும் பேக் குத்துகிறவர் இரண்டு ரவுண்ட் குத்துக்கு ஒரு ரவுண்ட் உள்ளங்கை என்று சேர்த்துக்கொள்ளலாம்.