எட்டு வருடம் ஓடிய ப்ராசஸரும் அதற்குப் போட்ட ஒட்டுகளும்

2016 கடைசியில் வாங்கிய நான்கு கோர் ப்ராசஸர் இது. எட்டு வருடத்துக்கும் மேலாக உழைத்துவிட்டது. சூடு தாங்காமல் ஒருமுறைகூட அணைந்ததில்லை. ஃபேனை மட்டும் ஒருதரம் மாற்றினேன். ஆனால் வாங்கியபோது இருந்த வேகம் இப்போது இல்லை. பழசாகிவிட்டது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஸ்கூட்டர் என்ஜின் மாதிரி ப்ராசஸர் தேய்ந்து தேய்ந்து மெதுவாவதில்லை. அந்த வேகத்தைத் தின்றது, அதன் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வந்த மென்பொருள் திருத்தங்கள்.

2018 ஜனவரி 3 அன்று மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன. அடுத்து என்ன கட்டளை வரும் என்று ஊகித்து, வேலையை முன்கூட்டியே செய்து வைப்பது ப்ராசஸரின் பழக்கம். ஊகம் தப்பினால் செய்ததைக் கைவிட்டுவிடும். ஆனால் கேஷில், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகத்தில், அதன் தடம் தங்கிவிடும். எந்தத் தரவு சீக்கிரம் வருகிறது என்று நேரத்தை அளந்தே, ஒரு திருட்டு ப்ரோக்ராம் பார்க்கக்கூடாததைப் பார்த்துவிடலாம். இதில் ஸ்பெக்டர் இன்டெல், ஏஎம்டி, ஏஆர்எம் மூன்றையும் விடவில்லை. என்னுடையது யார் செய்தது என்று சொல்லப்போவதில்லை; சொன்னால் பேச்சு வேறெங்கோ போய்விடும்.

திருத்தங்கள் வந்தபின் கேம், வீடியோ எதிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தது பேக்அப்பில். ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களை நகலெடுக்கும் வேலை அது; ஒவ்வொரு ஃபைலுக்கும் கெர்னலுக்குள், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்குள், போய்வர வேண்டும். அந்த வாசலில்தான் புதுக் காவல் போட்டிருந்தார்கள். 20 நிமிடத்தில் முடிந்தது 24 நிமிடம் ஆனது. சந்தேகத்தில் ஒருநாள் லினக்ஸில் இந்தத் திருத்தங்களை அணைக்கும் 'மிட்டிகேஷன்ஸ் ஆஃப்' கொடுத்து பூட் செய்து பார்த்தேன். பழையபடி 20. அப்புறம் பயந்துகொண்டு மறுபடி போட்டுவிட்டேன். பூட்டைக் கழற்றிவிட்டால் கதவு சீக்கிரம் திறக்கும்தானே!

நாலு நிமிடம் பெரிய விஷயமா என்றால், இல்லை. என் வருத்தம் வேறு. வேகத்தைக் காட்டித்தான் விற்றார்கள். அந்த வேகத்தில் ஒரு பகுதி, செய்திருக்க வேண்டிய சரிபார்ப்பைச் செய்யாமல் வந்தது என்று பின்னால் தெரிகிறது. சரிசெய்தபோது அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு போகும் என்று என் மாடலுக்கு ஒரு எண்கூட யாரும் அனுப்பவில்லை. நானாக அளந்து தெரிந்துகொண்டதுதான்.

1994-இல் கதை வேறு மாதிரி முடிந்தது. தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களை வைத்துக் கணக்குப் போட்டபோது இன்டெலின் பென்டியம் ப்ராசஸர் தப்பாக வகுப்பதைக் கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 வர வேண்டும், வந்தது 1.3337. வகுத்தலுக்காகச் சிப்புக்குள் இருந்த அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தன. உங்களுக்கு அது நிஜமாகவே பாதிப்பு என்று காட்டினால் மாற்றித் தருகிறோம் என்றுதான் இன்டெல் முதலில் சொன்னது. கூச்சல் கிளம்பியபின், அந்த டிசம்பரில், கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர ஒப்புக்கொண்டு 47.5 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதியது.

அடுத்து வந்த பென்டியம் ப்ரோவிலிருந்து, விற்றபிறகும் மைக்ரோகோடை, அதாவது கட்டளைகளை எப்படிச் செய்வது என்று ப்ராசஸருக்குள் இருக்கும் குறிப்புகளை, மாற்றும் வசதி வந்துவிட்டது. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில், 'மாற்றித் தருகிறோம்' என்ற பேச்சு 'அப்டேட் போட்டுக்கொள்ளுங்கள்' என்று சுருங்கியதற்கும் அதுவே வழி செய்தது. அந்த அப்டேட்டும் எப்போதும் ஒழுங்காக வருவதில்லை. 2018 ஜனவரியில் இன்டெல் கொடுத்த முதல் திருத்தம் சில கணினிகளைத் தானாக ரீஸ்டார்ட் செய்ய, அதே மாதம் 22-ஆம் தேதி 'இப்போதைக்குப் போடாதீர்கள்' என்று அவர்களே சொல்ல வேண்டியதாயிற்று. என் மதர்போர்டுக்கு பயாஸ் (கணினியை எழுப்பும் மென்பொருள்) அப்டேட் வருவது எப்போதோ நின்றுவிட்டது. ஒவ்வொரு பூட்டிலும் லினக்ஸ் மைக்ரோகோடை ஏற்றிவிடுவதால் பிழைத்தேன்.

2024-இல் 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்கள் அதிக வோல்டேஜால் கெட்டபோது, வாரண்டியை 3 வருடத்திலிருந்து 5 ஆக்கினார்கள். அது சரியான காரியம். மைக்ரோகோடு மேற்கொண்டு கெடாமல் காக்குமே தவிர, கெட்டதை மீட்காது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் எத்தனை பேர் வீணாக அலைந்திருப்பார்கள்? கேம்கள் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று பிழை காட்டியதால் பலர் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகித்தார்கள். குறை அவர்களுடையது, நிரூபிக்கும் வேலை நம்முடையதா?

எனக்கு இலவசமாகப் புது சிப் வேண்டாம். எந்த மாடல் பாதிக்கப்பட்டது, திருத்தினால் எந்த வேலை எவ்வளவு மெதுவாகும் என்பதை வாங்கியவருக்கு நேராகச் சொல்ல வேண்டும். விற்ற வேகம் கணிசமாகக் குறைந்தால் கொஞ்சம் பணமாவது திரும்ப வர வேண்டும். பிழைப் பட்டியல்கள் வெளியாகத்தான் செய்கின்றன, ஆனால் பொறியாளர்களுக்கான மொழியில். அதில் பல பிழைகளுக்கு நேரே 'திருத்தம் இல்லை' என்றே போட்டிருக்கும்.

என் ப்ராசஸரை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. பேக்அப்பை ராத்திரியில் ஓடும்படி வைத்துவிட்டேன்.