திடீரென்று செத்துப்போகும் பழைய கார்: டெஸ்ட் லாம்பா, மல்டிமீட்டரா, புது பேட்டரியா?

ஓடிக்கொண்டிருந்த பழைய கார் சட்டென்று அணைந்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை, ஹாரனும் இல்லை. முதலில் கையில் எதை எடுப்பது?

புது பேட்டரியை வேண்டாம் என்பேன். பேட்டரி பெரும்பாலும் சொல்லிக்கொண்டுதான் சாகும்: விளக்கு மங்கும், செல்ஃப் திணறும். ஒரே நொடியில் எல்லாம் போனால் டெர்மினல் (பேட்டரி முனையைக் கவ்வும் கிளாம்ப்), பாடி எர்த் (பேட்டரி நெகட்டிவை வண்டியின் உடலோடு சேர்க்கும் இணைப்பு), மெயின் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றின் மேல்தான் முதல் சந்தேகம். பேட்டரிக்குள் செல் இணைப்பு அறுவதும் உண்டு, ஆனால் அது அபூர்வம். இன்னொரு வேடிக்கை: பேட்டரியை மாற்றும்போது டெர்மினலைச் சுரண்டி இறுக்குகிறோம். வண்டி கிளம்பிவிடுகிறது. பழி பழைய பேட்டரிக்கு!

சரி, வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர். பேட்டரியின் நிலையை அறிய இதற்கு ஈடில்லை. வண்டி ஓடாமல் சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஆனால் டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகாஓம். அது கிட்டத்தட்ட கரண்டையே இழுப்பதில்லை. அதனால் ஒரே ஓர் இழையில் தொங்கும் வயரிலும், பச்சை பூத்த டெர்மினலிலும் 12 வோல்ட் காட்டும். "பவர் வருகிறதே" என்று நம்பி நானும் ஒரு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன்.

டெஸ்ட் லாம்ப் என்பது ஒரு பக்கம் கிளிப்பும் மறுபக்கம் தொட்டுப் பார்க்கும் ஊசியும் கொண்ட பல்புதான். அதனிடம் அந்த ஏமாற்று வேலை நடக்காது. 5 வாட் பல்பு சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். மோசமான இணைப்பு அதைத் தாங்காது, பல்பு மங்கிவிடும். அதற்கும் தாக்குப்பிடிக்கும் இணைப்பு என்றால் 55 வாட் ஹெட்லைட் பல்பைக் கட்டிப் பாருங்கள், 4 ஆம்பியருக்கு மேல் கேட்கும். கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டிக்கொண்டு பாசிட்டிவ் முனை, அதன் மேல் உள்ள டெர்மினல், மெயின் ஃபியூஸின் இரு பக்கம், இக்னிஷன் சுவிட்ச் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கே அணைகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில் கோளாறு. எர்த்தைப் பார்க்க, கிளிப்பை பாசிட்டிவுக்கு மாற்றி இன்ஜினையும் பாடியையும் தொடுங்கள்; பல்பு எரியாத இடத்தில் எர்த் சரியில்லை. ஏர்பேக், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வயர்களில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

அப்புறம் மீட்டருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, சுமையோடு. ஹெட்லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு முனையை பேட்டரியின் ஈய முனையிலும் மற்றதை அதைக் கவ்வியிருக்கும் டெர்மினலிலும் வையுங்கள். நல்ல இணைப்பில் ஏறக்குறைய பூஜ்யம்தான் வரும். முழு 12 வோல்ட்டும் அங்கேயே தெரிந்தால் அறுந்த இடம் அதுதான். வண்டிக்கு உயிர் வந்த பிறகு, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தொட்டால் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்க்க வேண்டியதுதான்.

பவர் போய்ப் போய் வருகிறதா? எரிந்த ஃபியூஸ் தானாகத் திரும்பி வராது. டெர்மினலும் எர்த்தும் சரி என்றால், இக்னிஷன் சுவிட்சின் வெளிவரும் வயரில் லாம்பைக் கட்டிவிட்டு சாவியை ஆட்டிப் பாருங்கள். ஆட்டத்துக்கு ஏற்ப பல்பும் கண் சிமிட்டினால் சுவிட்சை மாற்றிவிடலாம்.