மூடிலோடு ஐந்து ஆண்டுகள்: ஒரு இயற்பியல் வாத்தியாரின் அனுபவம்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு பழைய லேப்டாப்பும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவும்தான். தென்மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. பி.எஸ்சி. இயற்பியலில் இரண்டு பிரிவு, அதில் ஒன்று தமிழ்வழி. எல்லாரையும் போல நானும் ஐம்பது நிமிட வீடியோக்களாக எடுத்துத் தள்ளினேன். பெரும்பாலானவர்கள் ஆறேழு நிமிடத்திலேயே இறங்கிப் போயிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வீடியோவை இன்றைக்கு நானே பத்து நிமிடம் பார்க்க மாட்டேன். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்தது. அப்போதும் என் வீடியோக்களைப் பார்க்க ஆள் கூடவில்லை.

அந்த நேரத்தில்தான் மூடிலுக்கு (Moodle) வந்தேன். இணையத்தில் பாடம் போடவும் தேர்வு வைக்கவும் உதவும் மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கியது. முதல் பதிப்பு 2002-இல் வந்தது. திறமூல மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சர்வர் செலவு நம்முடையது. 2 ஜிபி ரேம் உள்ள மலிவான ஒரு சர்வரை என் கைக்காசில் எடுத்து, இரண்டு ராத்திரி கண்விழித்து நிறுவினேன். வீட்டுப்பாடம் வாங்கித் திருத்த மட்டும் ஒரு இடம் வேண்டும் என்றால் கூகுள் கிளாஸ்ரூமே போதும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு மூடிலில் பிடித்துப்போனது ஒரே ஒரு வசதி. அதற்காகத்தான் இன்று வரை அதை விடவில்லை.

அதன் பெயர் கால்குலேட்டட் வினா. எறிபொருளின் கிடைத்தள நெடுக்கம் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு கணக்கு எழுதுகிறோம். தொடக்கத் திசைவேகத்துக்கும் கோணத்துக்கும் எண்ணுக்குப் பதிலாக வெற்றிடம் விட்டு, விடைக்கான சூத்திரத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஒரு கேள்விக்கு 100 எண் தொகுப்பு வரை அதுவே உருவாக்கிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் திசைவேகம் விநாடிக்கு 20 மீட்டர் என்றால் எனக்கு 27. கேள்வி வரிசையைக் கலைத்துப் போடுவது கூகுள் ஃபார்ம்ஸிலும் முடியும். ஆளுக்கொரு எண் கொடுக்க அதில் வழி இல்லை.

முதல் செமஸ்டரில் மாணவர்களின் தனி வாட்ஸ்அப் குழுவில் பறந்ததெல்லாம் "மூணாவதுக்கு ஆன்ஸர் என்ன மச்சி?" கால்குலேட்டட் வினாக்கள் வந்த பிறகு அதே குழுவில், "எந்த ஃபார்முலாடா? கோணத்த ரெண்டால பெருக்கணுமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இது எனக்குத் தெரிய வந்ததே ஒரு மாணவன் ஸ்கிரீன்ஷாட்டைத் தவறுதலாக எனக்கு அனுப்பியதால்தான். காப்பியடிக்க வேண்டுமென்றால்கூட வழிமுறையைக் காப்பியடித்தாக வேண்டும். அதைத்தானே நானும் கரும்பலகையில் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

தொடக்கம் அவ்வளவு சுகமாக இல்லை. முதல் வினாடிவினாவில் ஒருவருக்கும் சரியான விடை வரவில்லை. சைன் கணக்கிடும்போது கோணத்தை ரேடியனாகத்தான் எடுத்துக்கொள்ளும். நான் பாகையை அப்படியே போட்டிருந்தேன். அதைத் திருத்தினால் அடுத்த கூத்து. பிழை வரம்பு, அதாவது விடை எவ்வளவு விலகினாலும் சரி என்று ஏற்கும் அளவு, 1 சதவீதம் என்று இருந்ததை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். புவியீர்ப்பு முடுக்கத்தை (ஜி) 9.8 என்று போட்டவர்கள் தேறினார்கள். பள்ளிப் பழக்கத்தில் 10 என்று போட்டவர்கள் எல்லாரும் அவுட், ஏனென்றால் வித்தியாசம் 2 சதவீதம். வரம்பை 3 ஆக்கி மறுமதிப்பீட்டுப் பொத்தானை அழுத்தியதும் எல்லாருடைய மதிப்பெண்ணும் ஒரு நிமிடத்தில் மாறியது. அதற்குள் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை எண்ணவில்லை.

நேரம் வைப்பதிலும் ஒரு பாடம் கற்றேன். காலை 10 மணிக்கு எல்லாரும் ஒன்றாக நுழைந்தால் அந்தச் சின்ன சர்வர் படுத்துவிடும். ஆனால் நான் மாறியது அதனால் அல்ல. ஒரு மாணவி சொன்னாள்: "சார், வீட்ல ஒரே போன்தான். அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிருவாரு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் கைக்கு வரும்." அன்றிலிருந்து வினாடிவினா 24 மணி நேரம் திறந்திருக்கும், உள்ளே போனால் 20 நிமிடம். நடுவில் மின்சாரமோ சிக்னலோ போனால், அதுவரை எழுதியதை மூடில் நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமித்துவிடுகிறது. இதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிப் பதற்றம் போய்விடும்.

பலர் திறந்தே பார்க்காத ஒரு பக்கம் உண்டு: வினாடிவினா புள்ளிவிவர அறிக்கை. ஒவ்வொரு கேள்வியையும் எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள் என்பதோடு, நன்றாகப் படிப்பவர்களையும் மற்றவர்களையும் அந்தக் கேள்வி பிரித்துக் காட்டுகிறதா என்றும் ஒரு குறியீடு சொல்லும். ஒருமுறை தமிழ்வழிப் பிரிவில் ஒரு கேள்விக்கு அந்தக் குறியீடு எதிர்மறையாக வந்தது. அதாவது கெட்டிக்காரர்கள் தவறு, மற்றவர்கள் சரி. எடுத்துப் பார்த்தேன். 'சீரான வட்ட இயக்கத்தில் பொருளின் வேகம் மாறுமா?' என்று கேட்டிருந்தேன். நான் மனதில் வைத்திருந்தது திசையும் சேர்ந்த திசைவேகம், அது மாறும்; எழுதியது வெறும் வேகம். பாடப்புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் 'மாறாது' என்று சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். நானோ சரியாக எழுதியவர்களுக்குப் பூஜ்ஜியம் போட்டிருந்தேன். தாளில் திருத்தியிருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்கவே படாது.

தமிழில் இன்னொரு தலைவலி பழைய எழுத்துரு. வானவில்லில் தட்டிய பத்து வருடக் குறிப்புகளை ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். ஒரு மே மாதம் முழுக்க அதிலேயே போனது.

வகுப்பறைக்குள் நான் விடாமல் வைத்திருக்கும் மற்றொன்று பெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் மென்பொருள்கள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம், போனிலும் ஓடும், சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. மின்சுற்று ஆய்வகத்துக்குப் போவதற்கு முதல் நாள் அதில் சுற்று கட்டச் சொல்கிறேன். மறுநாள் அம்மீட்டரைப் பக்க இணைப்பில் போட்டு முள்ளை வளைக்கும் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எண்ணை மாற்றிக் கொடுக்கும் வித்தையின் மவுசு குறைந்துவிட்டது. கேள்வியைப் படம் பிடித்துக் கொடுத்தால் வழிமுறையோடு விடை வந்து விழுகிறது. எனவே அக மதிப்பெண் 25-இல் மூடிலுக்கு இப்போது 5 மட்டும். அதுவும் முயற்சிக்குத்தான், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். திங்கட்கிழமை வகுப்பில் அதே மாதிரிக் கணக்கு ஒன்று, பத்து நிமிடம், தாளில், போன் பையில். வீட்டில் யார் போட்டது என்று அங்கே தெரிந்துவிடும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அமைப்புப் பக்கங்கள் ரயில் நீளத்துக்கு இருக்கும், ஒரு நல்ல கால்குலேட்டட் வினா எழுத அரை மணி நேரம் ஆகும். ஒரு செமஸ்டருக்கு மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். அதே பாடத்தை மூன்று வருடம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இறங்கலாம். இரண்டாம் வருடத்திலிருந்து வினா வங்கி உழைக்கும். செமஸ்டர் முடிந்ததும் முழு கோர்ஸையும் பேக்கப் எடுத்து பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். சர்வர் வாடகையைக் கட்ட மறந்து ஒருமுறை முந்நூறு கேள்வியை இழந்தவன் சொல்கிறேன்.

பிழை வரம்பு 3 சதவீதம் என்று முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். இருந்தாலும் ஒவ்வொரு ஜூலையிலும் முதல் வினாடிவினா திறந்த பத்தாவது நிமிடம் வகுப்புக் குழுவில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்கள்: "சார், ஜி 9.8-ஆ, 10-ஆ?"