யாமே கியோகுரோ: பெங்களூரு தண்ணீரில் எடுபடுமா?

ஜப்பானின் ஃபுகுவோகா மாகாணம், யாமே பகுதியில் விளைந்த கியோகுரோ என்னும் உயர்ரக பச்சைத் தேயிலை, 50 கிராம் பாக்கெட். பெங்களூரில் வாங்கினால் விலை நான்கு இலக்கம். டீ அருமை. ஆனாலும் வாங்கியவர்களில் பலர் "கசக்குது, கடல்பாசி வாடை" என்று ஓரங்கட்டிவிடுகிறார்கள். பாசி மணம் இந்த இலையின் பிறவிக் குணம். கசப்பு பெரும்பாலும் போட்டவர் கைவேலை.

பறிப்பதற்கு முன் ஏறத்தாழ 20 நாள் செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைப்பார்கள். வேரில் உருவாகி இலைக்கு ஏறும் தியானின் என்ற அமினோ அமிலம்தான் இந்த டீயின் இனிப்புக்கும் கனத்துக்கும் காரணம். வெயில் பட்டால் அது துவர்ப்புள்ள கேட்டசினாக மாறும். நிழலில் அப்படியே தங்கும். தியானின் வெதுவெதுப்பான நீரிலேயே இறங்கிவிடும். கேட்டசின் இறங்கத்தான் சூடு வேண்டும். எனவே கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் அத்தனை நாள் பந்தலும் வீண்.

இலை ஊசிபோல் ஒடுங்கி, கரும்பச்சையாய்ப் பளபளக்க வேண்டும். மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் பழைய சரக்கு. ஒன்றிரண்டு வாரம் மட்டும் மூடி வளர்த்தது கபுசேச்சா. நல்ல டீதான், கியோகுரோ விலை கொடுக்க வேண்டியதில்லை. யாமேயில் வைக்கோல் மூடி கையால் பறிக்கும் மரபு வகைக்கு 2015இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது இன்னும் விலை கூடுதல். முதல் பாக்கெட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

இனி தண்ணீர். ஜப்பானில் பெரும்பாலும் மென்னீர். ஒயிட்ஃபீல்டு பக்கம் பல அடுக்ககங்களில் வருவது போர்வெல் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பு டீயை மங்கலாக்கி, மேலே ஏடு படிய வைக்கும், சுவையும் மட்டுப்படும். காவிரித் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சினால் போதும். ஆர்ஓ தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 50 முதல் 80 வரை இருந்தால் சரி. ஒற்றை இலக்கத்துக்கு இறக்கிவிட்டால் டீ சப்பென்று ஆகிவிடும்.

அளவு: 5 கிராம் இலைக்கு 60 மில்லி தண்ணீர். இவ்வளவுதானா என்று தோன்றும். தண்ணீரைக் கூட்டாதீர்கள். சூடு 50 முதல் 60 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையா, டபரா டம்ளர் இருக்கிறதே. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சுமார் 10 டிகிரி குறையும். பெங்களூரின் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் நான்கு முறை மாற்றினால் கணக்கு சரி. காப்பிக்கு ஆற்றுவதுபோல் நுரைக்க வேண்டாம்.

சின்ன மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில் இலை, மேலே தண்ணீர், 2 நிமிடம். ஆட்டக் கூடாது, கலக்கக் கூடாது. பிறகு கடைசிச் சொட்டு வரை வடியுங்கள். அடியில் தங்கும் தண்ணீர்தான் அடுத்த சுற்றைக் கசக்க வைக்கும். இலை குடித்தது போக 40 மில்லிதான் தேறும். அதை வாயில் வைத்துச் சுவைக்க வேண்டும், மடக்கென்று விழுங்கக் கூடாது. அதே இலையில் இரண்டாம் சுற்று 65 டிகிரி, 30 விநாடி. மூன்றாவது 80 டிகிரி, 1 நிமிடம்; இதில் துவர்ப்பு வரும், முறுக்கோடு ஒத்துப்போகும். முதல் சுற்றோடு எதையும் சாப்பிடாதீர்கள், மசாலா வடை கூடவே கூடாது.

ஏப்ரல் வெயிலுக்கு இதே டீயின் புது இலை மேல் ஐஸ் கட்டிகளைப் போட்டு, தானாக உருக விடுங்கள். இனிப்பு மட்டும் இறங்கும். மிஞ்சும் இலையில் இரண்டு துளி சோயா சாஸ் விட்டு ஜப்பானியர் சாப்பிடுவார்கள். எலுமிச்சையும் கல் உப்பும்கூடப் பொருந்தும்.

இரவில் வேண்டாம். ஜப்பானின் உணவுச் சத்து அட்டவணைப்படி 100 மில்லி கியோகுரோவில் 160 மி.கி. கஃபீன், காப்பியில் 60.

பிரித்த பாக்கெட் ஒரு மாதத்தில் தீர வேண்டும். பிரிக்காததை பிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறந்தால் ஈரம் கோத்துவிடும், அரை நாள் விட்டுத் திறங்கள். தனியாகக் குடிப்பவர் 50 கிராமை இன்னொருவரோடு பங்கு போட்டு வாங்குவது நல்லது.