போர்வை வாங்க எது நல்லது: சந்தையா, கோ-ஆப்டெக்ஸா?

தீபாவளிக்கு முன்னால் இரண்டு போர்வை வாங்கினேன். ஒன்று ஈரோடு ஜவுளிச் சந்தையில். திங்கள் இரவே களைகட்டிவிடும் வாரச் சந்தை அது. இன்னொன்று தமிழ்நாட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுக் கடையான கோ-ஆப்டெக்ஸில், 30 சதவீதத் தள்ளுபடியில்.

சந்தையில் 350 சொன்னார்கள். "ரெண்டா எடுத்தா குறைச்சுத் தரேன்க்கா" என்றார் கடைத் தம்பி. ஒன்றுதான் வேண்டும் என்று நின்று பேசி 260-க்கு முடித்தேன். விசைத்தறித் துணி. கைக்கு மெத்தென்று இருந்தது, விரித்துப் பார்த்தால் கட்டிலுக்கு நீளமும் போதும். பிள்ளைகள் விடுதிக்குக் கொண்டுபோக, விருந்தாளி வந்தால் எடுத்து விரிக்க, இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

கோ-ஆப்டெக்ஸில் எடுத்தது சென்னிமலைக் கைத்தறி. 700 ரூபாய், தள்ளுபடி போக 490. பேரம் கிடையாது, ஆனால் பில் உண்டு, கைத்தறி முத்திரை உண்டு. பிரித்ததும் கஞ்சி மொடமொடப்பில் முரடாகத்தான் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன், ஊடு, பாவு என்கிற குறுக்கு நூல், நெடுக்கு நூல் இரண்டும் நெருக்கமாக விழுந்திருந்தன. மூன்று முறை துவைத்த பிறகு பருத்திக்கே உரிய அந்தக் குழைவு வந்துவிட்டது. கட்டத்தில் இருந்த சிவப்பு, பக்கத்து வெள்ளையில் துளிகூட இறங்கவில்லை. சந்தைப் போர்வை முதல் துவைப்பிலேயே வாளித் தண்ணீரை நீலமாக்கியது.

தினமும் போர்த்திக்கொள்ள என்றால் நான் கைத்தறிக்குத்தான் போவேன். 230 ரூபாய் கூடுதல்தான், அதில் ஒரு பங்கு நெசவாளர் கைக்குப் போகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். அடுத்த மாதம் அம்மாவுக்கும் ஒன்று எடுக்கணும், பச்சைக் கட்டம்.