பூங்காவில் 5 வாட்: கம்பியா, குச்சியா?

பவானிசாகர் அணைப் பூங்காவுக்கு 5 வாட் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காகப் பேசும் வானொலிக் கருவி) எடுத்துப் போக நினைப்பவர்கள் குழம்புவது ஆண்டெனாவில்தான்: மரத்தில் கட்டும் கம்பியா, தரையில் நடும் குச்சியா?

செலவு: 40 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் சுமார் 40 மீட்டர் உள்ள அலைவரிசை) அரை அலைக் கம்பி என்றால் சுமார் 20 மீட்டர் ஒயர், கம்பியை ரேடியோவோடு பொருத்த ஒரு 49:1 டிரான்ஸ்பார்மர், அவ்வளவுதான், வீட்டிலேயே சுற்றிக்கொள்ளலாம். இழுத்து நீட்டும் குச்சிக்குக் காசு கூட.

கட்டுவது: கம்பிக்கு மரம் வேண்டும், கிளைக்கு மேல் கயிறு எறிய வேண்டும், அதற்குள் காவலாளி வந்து "ஏனுங்க, என்னங்க கட்டுறீங்க?" என்பார். குச்சியைச் சட்டென நட்டுவிடலாம். ஆனால் அதன் அடியிலிருந்து தரையில் சுற்றிலும் ரேடியல் ஒயர்கள் விரிக்காவிட்டால் நிறைய சக்தி மண்ணுக்கே போய்விடும், விரித்தாலோ யாராவது கால் தடுக்குவார்கள்.

தூரம்: தாழக் கட்டிய கம்பி பகலில் 40 மீட்டர் பேண்டில் சென்னை, பெங்களூருக்கு எட்டும், 20 மீட்டர் பேண்டில் குச்சி கடல் தாண்டி.

மரமும் ஒரு மதியமும் கிடைத்தால் கம்பி. பிள்ளைகள் ஊஞ்சல் ஆடும் அரை மணி நேரம்தான் என்றால் குச்சி. என் பையில் கம்பிதான்.